கோழிக்கடை நம்பர்

ஒரு கையில் மண்வெட்டியும் ஒரு கையில் போனுமாக யாம்னா மொட்டை மாடியில் முழங்கால் பனியில் நின்றாள். ஒரு வெட்டு வெட்டிப் பனியை விளிம்புக்குத் தள்ளுவாள். போனைக் காதில் வைப்பாள். அது அடித்து அடித்து ஓயும். மறுபடி ஒரு வெட்டு. தெருவில் போகிற யாராவது நிமிர்ந்து பார்த்தால், பாரத்தில் கூரை உட்கார்ந்துவிடாமல் பனி தள்ளுகிறாள் என்று நினைக்க வேண்டும். அதற்குத்தான் மண்வெட்டி.

கீழே அறையில் எரியும் விறகு அடுப்பின் புகைக்குழாய் அவள் காலடியில் கூரையைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. புகையோடு அவள் அப்பா மோஹாவின் முனகலும் அதன் வழியே மேலே வந்தது. ராத்திரி முழுக்கத் தலைப்பாகைத் துணியைச் சுருட்டிப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்துக்கொண்டு கிடந்தவர், விடிந்தபோது அதையும் துப்பிவிட்டார். கடிக்கவும் தெம்பில்லை.

மெக்னெஸ் நகரத்துக்குப் போகும் மலைச் சாலையில் பனிக்காக நேற்றே தடுப்புக் கம்பியை இறக்கிவிட்டார்கள். ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ் பள்ளத்தாக்கில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் பனியில் மாட்டிக்கொண்டார். வீட்டில் இருந்த வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாயிற்று. வாந்தியில் போயிற்று. இனி யாம்னாவிடம் இருந்தது அந்த போன் மட்டும்தான்.

போனிலும் எண்கள் உண்மைப் பெயரில் இல்லை. மெக்னெஸ் ஆஸ்பத்திரி வார்டு நர்ஸின் எண் 'நூல்கண்டு' என்ற பெயரில் இருந்தது. வெளியூர் நோயாளிகளுக்கும் துணைக்கு வருகிறவர்களுக்கும் இலவசமாகத் தங்க இடம் கொடுக்கும் விடுதி, 'ஜிப் கடை'. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்குப் போனிலேயே வழி சொல்லும் ஒரு தொண்டுச் சங்கத்து டாக்டர், 'கோழிக்கடை'. யாம்னா தையல்காரி என்பதால் முதல் இரண்டும் யாருக்கும் உறுத்தவில்லை. கோழிக்கடைதான் அம்மாவுக்குப் புரியவில்லை. "வீட்டுல வளர்க்கற கோழியே கிடக்கு. இவ யாருகிட்டதான் பேசறாளோ!"

அந்த எண்கள் எல்லாம் ஆஸ்பத்திரி முற்றத்து பெஞ்சில் கிடைத்தவை. டாக்டர்கள் அவசரத்தில் இருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்கள்தான் அவளுக்கு எல்லாம் சொன்னார்கள்: எந்தக் கவுண்டரில் காலையிலேயே துண்டு போட வேண்டும், எந்த மூலிகைக்காரன் பேச்சைக் கேட்கவே கூடாது, முடி கொட்டினால் என்ன செய்வது, மூத்திரம் சிவந்தால் பயப்பட வேண்டுமா. கடைசித் தடவை போனபோது, கணவனை அன்று காலைதான் இழந்திருந்த ஒருத்தி, பிணத்துக்காகக் காத்துக்கொண்டே, தன் போனிலிருந்து கோழிக்கடையின் எண்ணைப் படித்துக் காட்டினாள். "எனக்கு இனி வேண்டாம், தங்கச்சி. நீ வச்சுக்கோ."

யாம்னா ஒரு தடவை அங்கே பேசினாள். நோயாளியை வீடியோவில் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர். தம்பி லஹ்சென் போனைப் பிடுங்கி அணைத்துவிட்டான். அதோடு சரி.

இப்போது ஒன்பதாவதோ பத்தாவதோ தடவையில் மறுமுனை எடுத்தது.

"சொல்லுங்க. டாக்டர் வியாம் பேசறேன்."

"டாக்டர், எங்கப்பா... நான் முன்னாடி ஒரு தடவை..."

"மலையில இருந்துதானே? பாதியில கட் ஆச்சே. ஞாபகம் இருக்கு. இப்ப எப்படி இருக்கார்?"

"கத்தறதுக்குக்கூட முடியலை அவரால."

"அவர் பக்கத்துல இருக்கீங்களா?"

"இல்ல, மொட்டை மாடியில."

"மலையில பனி கொட்டுதாமே, மொட்டை மாடியில என்ன பண்றீங்க?"

யாம்னா மண்வெட்டியைப் பனியில் குத்தி அதன் மேல் சாய்ந்துகொண்டாள். "அவருக்குத் தெரியாது, டாக்டர். அல்சர்னு சொல்லி வச்சிருக்கோம்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. கோபம் இல்லை. அன்றைக்கே அதைப் பல தடவை கேட்டுவிட்டவரின் பெருமூச்சு அது.

"சரி. மெக்னெஸ்ல குடுத்த சொட்டு மருந்து தீர்ந்துடுச்சா?"

"எந்தச் சொட்டு மருந்து?"

"வலிக்குக் குடுப்பாங்களே அக்கா, சின்ன பாட்டில்ல. இந்த நிலைமையில அது இல்லாம வீட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. மருந்தெல்லாம் யாரு வாங்கினது?"

"என் தம்பி."

"அவர்கிட்ட கேளுங்க. கேட்டுட்டு அப்பா பக்கத்துல உக்காந்து எனக்கு வீடியோ போடுங்க. நான் அவரைப் பாக்காம ஒரு சொட்டு சொல்ல மாட்டேன்."

"வலி எங்கன்னு நானே சொல்றேனே, டாக்டர்..."

"உங்களுக்கா வலிக்குது?"

யாம்னா மண்வெட்டிப் பிடியில் ஒட்டிய பனியைச் சுரண்டினாள்.

"பயப்படாதீங்க. அவரா கேக்காம நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். அதுக்குச் சம்மதம்னா கூப்பிடுங்க. போனைக் கையிலயே வச்சிருக்கேன்."

வயிற்றில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது என்று கோடைக்காலத்தில் சொன்னார்கள். சொன்னது யாம்னாவிடமும் லஹ்சென்னிடமும். இருவரும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும்போது அந்தப் பெயரை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அம்மா இத்தோவிடம் மட்டும் காதில் ஓதினார்கள். அவள் கெட்டது அண்டாமலிருக்கத் தன் மார்பில் துப்பிக்கொண்டு, "அந்தக் கெட்டது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். அந்த மலையில் யாரும் அதற்கு மேல் சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் அது வீட்டு வாசலைத் தெரிந்துகொள்ளும். நோயாளி காதில் விழுந்தால் அன்றைக்கே விழுந்துவிடுவார். லஹ்சென்னுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. கெனிஃப்ராவில் அவனுக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. ரத்தத்திலேயே ஓடுகிற குடும்பம் என்று பெண் வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று பயந்தான்.

யாம்னா படியிறங்கிச் சமையலறைக்குள் வந்தபோது லஹ்சென் அடுப்பின் முன் கையைத் தேய்த்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தான். வாடகை டாக்சி ஓட்டுகிறவன். ரெண்டு நாளாய் வண்டி வாசலில் பனிக்குள் கிடந்தது.

"மறுபடி கோழிக்கடையா?" என்றான்.

"சொட்டு மருந்து எங்கடா?"

அவன் கையைத் தேய்ப்பதை நிறுத்தினான்.

அந்த வீட்டில் ஆறு மாதமாகச் சண்டையெல்லாம் கிசுகிசுப்பில்தான். சுவருக்கு அந்தப்பக்கம் அப்பா. இப்போதும் யாம்னா தம்பியின் ஸ்வெட்டரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, பாலுக்கு அழும் குழந்தையைத் தட்டுகிற குரலில்தான் கேட்டாள். "மெக்னெஸ்ல குடுத்தாங்களா, இல்லையா?"

"குடுத்தாங்க."

"எங்க?"

"வண்டியில. டேஷ்போர்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கேன்."

அவள் அவனை அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அக்கா, கேளு. ஸ்டாண்டுல எல்லாரும் சொன்னாங்க. அந்தச் சொட்டு ஆரம்பிச்சாச்சுன்னா கதை முடிஞ்சுதுன்னு அர்த்தமாம். ஒருத்தனோட மாமனாருக்கு ஆரம்பிச்ச வாரமே... நான் எப்படிக்கா என் கையால எடுத்துக் குடுப்பேன்? அதுலயும் அட்டையில கொட்டை எழுத்துல என்னமோ எழுதியிருக்கு. அப்பா படிச்சுட்டா?"

"ராத்திரி துணியைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தாரே, அப்ப நீ எங்கடா இருந்தே?"

"வண்டியில." அவன் அடுப்பைப் பார்த்தபடி சொன்னான். "ரெண்டு தடவை போய் உக்காந்துட்டு வந்தேன். சாவியைப் போட்டேன். திறக்க முடியலை."

இத்தோ மாவு பிசைந்த கையோடு இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள். "மெதுவா! மெதுவா பேசித் தொலைங்க! அந்த மனுஷன் காதுல எதுவும் விழக்கூடாது."

"யெம்மா, அவருகிட்ட டாக்டர் பேசணுமாம். நேரா."

"பேசி? என்னன்னு சொல்லுவாங்க? அவரு நெஞ்சு வெடிச்சுப் போகட்டும்னா?"

"நெஞ்சு வெடிக்காமத்தானா இப்ப இருக்காரு?"

இத்தோ மாவுக்கையால் முகத்தைத் துடைக்கப் போய், கன்னத்தில் வெள்ளையாக அப்பிக்கொண்டாள். "ஏற்கெனவே நம்ம மேல வெறுப்பா இருக்காரு. இந்த வீட்டுல எல்லாரும் ஒரே தட்டைச் சுத்தி உக்காந்து சாப்பிட்டோம், முப்பது வருஷமா. தன் பக்கத்துல கறி வந்தா என் பக்கம் தள்ளி விடுவாரு. அறுப்புக் காலத்துல இருந்து தனித்தட்டு கேக்கறாரு. தனி டம்ளரு. பேத்தி ரீம் கிட்டப் போனா கம்பை ஓங்கறாரு, பச்சப் புள்ளைமேல. ராத்திரி என்னை அடுத்த ரூமுக்குப் போகச் சொல்லிட்டாரு. நோவு வந்தா மனுஷன் கசந்து போவான்னு பொறுத்துக்கிட்டேன். இதையும் சொல்லி அந்த மனுஷனைச் சாகடிக்கணுமா?"

சுவருக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. மனிதக் குரல் மாதிரி இல்லை. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள்.

லஹ்சென்தான் முதலில் நகர்ந்தான். செருப்பைக்கூட மாட்டாமல் வாசல் கதவைத் திறந்துகொண்டு பனிக்குள் போனான். வண்டிக்கதவு உறைந்து ஒட்டியிருந்தது. அவன் தோளால் இடித்து இடித்துத் திறப்பதை யாம்னா ஜன்னல் வழியே பார்த்தாள்.

மோஹா சுவரைப் பார்த்துச் சுருண்டு கிடந்தார். மலைமேல் இருந்த பள்ளிக்கூட விடுதியில் ஆயுள் முழுக்கச் சமைத்தவர். ஒரு காலத்தில் கழுத்தும் தோளும் ஒன்றாக இருந்த ஆள். இப்போது போர்வைகளுக்கு நடுவே அவரைத் தேட வேண்டியிருந்தது. தலைமாட்டில் தகரத் தட்டும் ஒரு டம்ளரும் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தன.

"பா, ஒரு டாக்டரம்மா உங்களைப் பாக்கணுங்கறாங்க. போன்ல."

அவர் கண்ணைத் திறந்தார். "அல்சர் டாக்டரா?"

"ஆமா."

"பனியில நின்னு பேசிட்டு வர்றியே, அந்த டாக்டரா?"

யாம்னா போனை நீட்டிப் பிடித்தாள். படம் இரண்டு தடவை உறைந்து, பிறகு ஒரு பெண்ணின் முகம் வந்தது. கலைந்த முக்காடு, தூக்கமில்லாத கண்கள், பின்னால் எங்கோ ஒரு குழந்தை அழுகிற சத்தம்.

"சலாம், பா மோஹா. நான் வியாம். உங்களைத் தொந்தரவு பண்ண வந்திருக்கேன்."

"தொந்தரவுக்குக் குறைச்சலே இல்ல, வா" என்றார் மோஹா.

டாக்டர் சிரித்தார். கேள்விகள் கேட்டார். எங்கே வலி, எங்கே போய் முடிகிறது, எப்படிப் படுத்தால் குறைகிறது, கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது. மோஹா ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் சொன்னார். நடுவே வலி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார், இரு, வந்துவிடுகிறேன் என்கிற மாதிரி. டாக்டர் பேசாமல் காத்திருந்தார். யாம்னாவிடம் போர்வையை விலக்கிக் காலைக் காட்டச் சொன்னார். மூச்சை எண்ணச் சொன்னார். லஹ்சென் கதவருகில் நின்றுகொண்டிருந்தான். காலிலிருந்து பனி உருகித் தரையில் ஓடியது. கையில் பாட்டில்.

டாக்டர் அளவைச் சொன்னார். நாக்குக்கு அடியில் விடச் சொன்னார். லஹ்சென் மண்டியிட்டான். அவன் கை பிசகாமல் இருந்தது. மோஹா மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

"கசக்குதா, பா?"

"உன் டீயை விடப் பரவாயில்லை."

"கொஞ்ச நேரத்துல குறையும்," என்றார் டாக்டர். "குறையலைன்னா உடனே என்னைக் கூப்பிடணும். வேற ஏதாவது கேக்கணுமா, பா மோஹா?"

இத்தோ வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

மோஹா கதவருகில் நின்றவர்களைப் பார்த்தார். "கேக்கணும். இவங்களை வெளிய போகச் சொல்லு."

யாரும் நகரவில்லை. யாம்னா போனை வைத்துவிட்டுப் போக முடியாது. மற்ற இருவருக்கும் கால் எழவில்லை.

"போக மாட்டாங்க போலிருக்கு," என்றார் டாக்டர். "பரவாயில்லை, கேளுங்க."

"எனக்கு இருக்கறது அல்சர் இல்ல. அல்சருக்கு யாரும் மொட்டை மாடியில போய்ப் பேச மாட்டாங்க. மருந்துப் பாட்டிலோட காகிதத்தைச் சுரண்டி எடுக்க மாட்டாங்க." அவர் மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்குப் பேரு வேண்டாம். பேரை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. இது ஒட்டுமா?"

"எது?"

"எங்கண்ணனுக்கு நெஞ்சுல பூச்சி. காசநோய்க்காரங்களை வைக்கற சானடோரியத்துல வச்சிருந்தாங்க. அப்பவும் இப்படித்தான் எல்லாரும் குசுகுசுன்னு. செத்த பிறகு அவன் தட்டை எங்கம்மா குழி தோண்டிப் புதைச்சா. அவனோட ஒரே டம்ளர்ல குடிச்ச தங்கச்சியும் அடுத்த குளிர்ல போயிட்டா." அவர் கண் கதவுப் பக்கம் போனது. "இவங்க வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க. நான்தான் ஜாக்கிரதையா இருக்கணும்னு... தட்டைத் தனியா வச்சுக்கிட்டேன். சின்னதைக் கிட்ட விடலை. முடிஞ்ச மட்டும் பண்ணேன். அதுக்கு முன்னாடி, தெரியாம, எல்லாரோடயும் சாப்பிட்டேனே, அதான் உறுத்துது. என் பொஞ்சாதிக்கு ஏதாவது வந்திருக்குமா? இருமறா, ராத்திரியில. இங்க கேக்குது."

போன் திரையில் டாக்டர் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார்.

"ஒட்டாது, பா மோஹா."

"சத்தியமா?"

"சத்தியமா. தட்டுல ஒட்டாது, மூச்சுல ஒட்டாது, முத்தத்துல ஒட்டாது. உங்க அண்ணனுக்கு இருந்தது இல்லை இது. உங்க வீட்டுக்காரம்மாவுக்குக் குளிர்ல வந்த இருமல்தான்."

"அப்ப நான் யாருக்கும் எதுவும் குடுக்கலை."

"இல்லை. யாருக்கும் குடுக்கலை."

மோஹா தலையைத் தலையணையில் போட்டுக்கொண்டார். யாம்னா அதுவரை அவர் முகத்தில் வலியை மட்டும்தான் தேடிக்கொண்டிருந்தாள். அங்கே இத்தனை நாள் வேறொன்றும் இருந்தது என்று அது போனபிறகுதான் தெரிந்தது.

இத்தோ உள்ளே வந்தாள். கணவனின் தலைமாட்டில் இருந்த தகரத் தட்டை எடுத்தாள். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, முற்றத்துக்குக் குறுக்கே, தன் வயதுக்கு மீறிய பலத்தோடு வீசி எறிந்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"பைத்தியக்கார மனுஷா!" என்று கத்தினாள். ஆறு மாதத்தில் அந்த வீட்டில் எழுந்த முதல் உரத்த குரல். "கேக்க வேண்டியதுதானே! ஒரு வார்த்தை என்னைக் கேக்க வேண்டியதுதானே! வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தே?"

"நீ சொல்ல வேண்டியதுதானே," என்றார் மோஹா.

இத்தோ கதவைச் சாத்தினாள். மாவுக் கையோடு அப்படியே அவர் போர்வைக்குள் நுழைந்து, சுவர்ப்பக்கம் படுத்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் மருந்து வேலை செய்தது. அவர் காலை நீட்டினார். கோடைக்குப் பிறகு அவர் கால் நீண்டு யாம்னா பார்க்கவில்லை. பருப்புக் கூழைப் பெரிய மண்சட்டியில் ஊற்றி, நடுவில் எண்ணெய் விட்டு, படுக்கையோரம் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அவரால் விழுங்க முடியாது. ஆனாலும் கையை நீட்டினார். இத்தோ அவர் விரலைப் பிடித்துச் சட்டியில் தோய்த்து அவர் உதட்டில் வைத்தாள்.

"யாரு பண்ணது?"

"நான்தான், பா," என்றாள் யாம்னா.

"சீரகம் போட மறந்துட்டே."

மறக்கத்தான் செய்திருந்தாள். லஹ்சென் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு பாதியில் வேறெங்கோ போக, எழுந்து போய் அடுப்பில் விறகு வைத்தான்.

ரீம் மட்டும் வரவில்லை. யாம்னாவின் ஐந்து வயதுப் பெண். விவாகரத்தாகி யாம்னா இங்கே திரும்பி வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவள். தாத்தா தோளில்தான் வளர்ந்தாள். இப்போது கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கண்ணால் பார்த்தாள்.

"வா, கண்ணு," என்றார் மோஹா.

"அடிப்பே."

"அடிக்க மாட்டேன்."

"அன்னிக்கு அடிச்சே. கம்பால."

யாம்னா அவளை இழுத்து வரப் போனாள். மோஹா கையை அசைத்தார். "விடு. தானா வரட்டும்."

அவள் தானாகத்தான் வந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக, அடுப்பு வரை, பிறகு கம்பளத்தின் விளிம்பு வரை, பிறகு அவர் காலருகே. கடைசியில் போர்வையை விலக்கி அவர் பாதத்தின் மேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். ஆனால் அதற்குள் அவர் தூங்கிவிட்டிருந்தார். யாம்னா அவரை எழுப்புவதா வேண்டாமா என்று தவித்தாள். எத்தனை நாளைக்குப் பிறகு வந்த தூக்கம் அது. எழுப்பவில்லை. எழுப்பியிருக்க வேண்டுமோ என்று அவள் பின்னால் எத்தனையோ ராத்திரி நினைத்துக்கொள்வாள்.

மாலைத் தொழுகை அழைப்புக்குக் கொஞ்சம் முன்னால் மூச்சு இடைவெளி விட ஆரம்பித்தது. யாம்னா டாக்டரைக் கூப்பிட்டாள், படுக்கையோரத்திலிருந்தே. டாக்டர் பார்த்தார். "இனி மருந்து வேண்டாம். அவருக்கு வலி இல்லை. பேசுங்க, கேக்கும்," என்றார். போனை வைக்கவில்லை. போன் தரையில் மல்லாந்து உத்தரத்தைப் பார்த்தபடி கிடந்தது. லஹ்சென் அப்பாவின் காதில், கடைசி மூச்சில் கேட்க வேண்டிய கலிமாவைச் சொன்னான். இத்தோவின் கை அவர் கழுத்துக்கு அடியில் இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே எல்லோரும் காத்திருந்தார்கள். அடுத்தது வரவில்லை என்று புரிய அவர்களுக்கு வெகுநேரம் பிடித்தது.

மறுநாள் காலை ஆண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பனியில் முன்னால் ஒருவன் மண்வெட்டியால் வழி வெட்டிக்கொண்டே போனான் என்று பிறகு சொன்னார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் ரொட்டியும் சூப்பும் டீயும் கொண்டுவந்து அடுக்கினார்கள். இத்தோ வெள்ளை உடுத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள்.

"என்ன ஆச்சு அவருக்கு? கோடையில சந்தையில பாத்தேனே," என்று ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் உள்ளூரத் தெரிந்திருந்தது. எல்லோரும் எதிர்பார்த்த பதிலும் தெரிந்திருந்தது.

இத்தோ மகள் பக்கம் திரும்பினாள்.

டீக் கெட்டிலோடு குனிந்து டம்ளர்களை நிரப்பிக்கொண்டிருந்த யாம்னா நிமிராமலே சொன்னாள். "வயித்துல கேன்சர்."

ரொட்டி மென்ற வாய்கள் நின்றன. ஒரு கிழவி மார்பில் துப்பிக்கொண்டாள். கதவருகில் இருந்த ஒருத்தி தன் பிள்ளையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். எல்லோரும் இத்தோவைப் பார்த்தார்கள், அவள் மகளை அதட்டுவாள் என்று. இத்தோ தன் டம்ளரை நீட்டினாள். "எனக்கும் ஊத்து," என்றாள். கொஞ்சம் கழித்து, யாரிடமும் இல்லாமல், "ஒட்டாது அது," என்று சேர்த்துக்கொண்டாள்.

டம்ளர்களைக் கழுவ யாம்னா முற்றத்துக் குழாய்க்குப் போனாள். தண்ணீர் எலும்பில் இறங்கியது. பின்னால் யாரோ வந்து குந்தி, பேசாமல், கழுவியதை வாங்கி வாங்கிக் கவிழ்க்க ஆரம்பித்தார்கள். திரும்பிப் பார்த்தாள். தூதா. நாலு வீடு தள்ளி இருப்பவள், விறகு வண்டிக்காரன் மனைவி. மூன்று பிள்ளைகள். வழியில் பார்த்தால் தலையாட்டுவதோடு சரி, இரண்டு வார்த்தை பேசியதில்லை. உள்ளே துப்பிய கிழவியோடு அவளும் உட்கார்ந்திருந்தாள்.

"யாருகிட்டக்கா கேட்டே நீ? இதுக்கெல்லாம்," என்றாள் தூதா, டம்ளர்களைப் பார்த்துக்கொண்டு. "யாரு சொன்னாங்க உனக்கு?"

"ஏன்?"

தூதா கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு யாம்னாவின் ஈரக் கையைப் பிடித்தாள். தன் கம்பளிப் போர்வைக்குள், அதற்கும் உள்ளே, அக்குளை ஒட்டிய இடத்தில் கொண்டுபோய் அழுத்தினாள்.

"இங்க," என்றாள். "எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

விரல் விறைத்துப் போயிருந்தாலும் யாம்னாவுக்குத் தெரிந்தது. கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி, அசையாமல், கல் மாதிரி. பனித்தண்ணீரில் கிடந்த கை அது. தூதா சிலிர்க்கக்கூட இல்லை. யாம்னாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளேயிருந்து யாரோ டம்ளர் கேட்டுக் குரல் கொடுத்தார்கள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.